அம்மா சொன்ன 'வூ'

எங்கள் மாமாவுக்குத் தெரியாத பிரெஞ்சு இல்லை என்று பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவரும் மாமாதான்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா விட்டுப்போனதில் அம்மாவுக்கு மனம் சுகமில்லாமல் போய் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேலை செய்த கடைக்குப் பின்னாலேயே படுத்தெழும்பிய மாமாவிடம் என்னைத் தர முடியாது என்று சொல்லி, நகரசபையின் சிறுவர் பராமரிப்புப் பிரிவு என்னை ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் விட்டது. அம்மா தேறி வந்ததும் புதன்கிழமைகளில் நகரசபை அறையொன்றில் என்னைப் பார்க்கலாம் என்றார்கள். மேற்பார்வைக்கு ஒரு மதாம் மூலையில் இருப்பார். அவருக்கு விளங்க வேண்டுமென்பதால் பிரெஞ்சில்தான் பேச வேண்டும். அவர் திருப்திப்பட்டால் சனி, ஞாயிறுகளில் நான் வீட்டுக்குப் போகலாம்.

பிரெஞ்சில் நீ என்பதற்கு 'து', நீங்கள் என்பதற்கு 'வூ'. மாமா அம்மாவுக்குப் பாடம் எடுத்தார்.

"மரியாதையை விட்டுடாதை. ஆரெண்டாலும் வூ போட்டுக் கதை."

அந்தப் புதன்கிழமை அம்மா ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்து, நீங்கள் சாப்பிட்டீர்களா, உங்களுக்குக் குளிருதா என்று வூ போட்டே கேட்டார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் வாங்கோ, சாப்பிடுங்கோ, படுங்கோதான்; கோபம் வந்தால்தான் 'நீ'. யாழ்ப்பாணத்து அம்மாமாருக்குப் பிள்ளைமேல் அன்பு கூடினால் மரியாதையும் கூடிவிடும். பிரெஞ்சு வீட்டில் என்னைத் து என்றார்கள். பாவம், பழக்கவழக்கம் தெரியாத சனங்கள் என்று நினைத்திருந்தேன்.

நானும் வூ போட்டே பதில் சொன்னேன். மதாம் நிமிர்ந்து பார்த்தார்.

கீழே மாமா காத்திருந்தார். "நல்ல மரியாதையாக் கதைச்சனான் அண்ணை," என்றார் அம்மா. "அப்ப சனிக்கிழமை பிள்ளை வீட்டைதான்," என்றார் மாமா.

அவர்கள் போனபிறகு மதாம் என்னிடம் குனிந்து, அம்மா உன்னோடு எப்போதும் இப்படித்தான் பேசுவாரா என்று கேட்டார். ஓம், எப்போதும் என்றேன். அம்மாவுக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று இன்னொன்றும் சேர்த்துச் சொன்னேன்: கோபம் வந்தால் மட்டும்தான் து என்பார். மதாம் என் தலையைத் தடவினார். நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் இல்லை, வேற்றாளோடு பேசுவது போலப் பேசுகிறார்கள், வீட்டுக்கு அனுப்புவதைப் பிறகு பார்ப்போம் என்று அடுத்த கிழமை மாமாவிடம் சொன்னார்கள். மதாமைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? அவர் கேட்டதைத்தான் அவர் நம்பினார். அந்தப் 'பிறகு' வர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறுவதில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அதற்குள் என் தமிழ் பாதி மறந்து போயிருந்தது. பிரெஞ்சு வீட்டுப் பழக்கத்தில், து போட்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன்.

அம்மா தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முன்னால் குந்தியிருந்தார்.

"பிள்ளைக்கு என்னிலை இன்னும் கோவமோ?" என்றார்.

எதற்காக அப்படிக் கேட்கிறார் என்று விளங்காமல், நான் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.