கேசரிக்குச் சத்தமில்லை

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க என் மனைவி தண்ணீர் தெளிப்பாள். ஸ்ஸ்ஸ். அந்தச் சீறல் கேட்டால் போதும், மேனாம்பேட்டு வீட்டுப் படுக்கையறையில் மைக் முன்னால் வியர்த்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடிவந்து என் காதோரம் உட்கார்ந்துகொள்ளும்.

ஓர் இணைய ஒலியிதழ் என் உரைநடைக் கவிதைகளைக் கேட்டிருந்தது. என் குரலிலேயே படித்து அனுப்பினேன். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது.

"கவிதை நல்லாருக்கு சார். பின்னாடி யாரோ அப்பளம் பொரிக்கிற மாதிரி கேக்குது," என்றார் இதழ் நடத்துபவர். "ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள சுத்தமா வரலன்னா, நம்ம அறிவிப்பாளரை வெச்சுப் படிச்சிடறோம்."

அந்த அறிவிப்பாளரைக் கேட்டிருக்கிறேன். தேன் குரல்தான். ஆனால் மரணத்தைக்கூட, செய்கூலி சேதாரம் இல்லாத மரணம் என்பதுபோலப் படிப்பார். என் வரிகள் அவர் வாயில் நகைக்கடை ஏற நான் விடுவதாக இல்லை.

என்னுடையது மலிவாகக் கிடைத்த மேடை மைக். அதற்குக் கொஞ்சம் காது மந்தம். அதைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டியில் ஒலியைக் கூட்டும் கெயின் குமிழை முழுக்கத் திருகியிருந்தேன். என் குரல் ஒரு படி ஏறினால், சீறல் மூன்று படி ஏறி எனக்கு முன்னால் போய் நின்றது.

வேறு வழியில்லை, மாடிவீட்டு நண்பனைக் கூப்பிட்டேன். ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன், என் வயதுக்காரன், ஞாயிறு காலையானால் கரோக்கி போட்டுக் கட்டடத்தையே பாடி எழுப்புகிறவன். அவன் பாட்டைப் பற்றி அசோசியேஷனில் புகார் சொன்னது என் மனைவி. அது அவனுக்கும் தெரியும்.

வந்தான், கேட்டான், சிரித்தான். "போர்ல தண்ணி கீழ போயிட்ச்சி மாமே. நீ மோட்டார முறுக்கினு கீற. சேறு வராம பன்னீரா வரும்?"

பாக்கெட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குழாயை எடுத்தான். அவன் கரோக்கி மைக்குக்குப் போடும் பூஸ்டராம். "மைக்குக்கும் பொட்டிக்கும் நடுவுல சொருவு. இது தூக்கிக் குடுக்கும், பொட்டி முக்க வேணாம். புதுப் பொட்டி வாங்கறத வுட இது ரொம்ப சல்லிசு. ஆனா ஒண்ணு, நான் மேல தனியா இருந்தா பாடிடுவேன். இங்கயே குந்திக்கிறேன்."

அவன் வாயை அடைத்து வைக்கும் பொறுப்பை என் மனைவி ஆனந்தமாக ஏற்றாள். முதலில் ஒரு தட்டு முறுக்கோடு வந்தாள். நான் பதறிக் கைகூப்பினேன். முறுக்கு திரும்பிப் போய், நெய் மணக்கக் கேசரி வந்தது. கேசரிக்குச் சத்தமில்லை.

குழாயைச் சொருகினேன். பேசினேன். முன்பு கேட்டதுகூட இப்போது கேட்கவில்லை. நண்பன் ஒரு வாய் கேசரியை நிதானமாக முழுங்கிவிட்டு, "பொட்டில கீற நாப்பத்தெட்டு வோல்ட் பட்டன அமுக்கு. அத்துக்கும் சோறு போடணும்ல?" என்றான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். புகாருக்கான வட்டி போலும்.

அமுக்கினேன். குரல் துள்ளி எழுந்தது. குமிழைப் பாதிக்கு இறக்கினேன். சீறல் இளைத்தது, ஆனால் சாகவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, மைக்குக்கும் உங்களுக்கும் என்ன சண்டை? ஏன் அவ்ளோ தள்ளி நிக்கறீங்க?"

குனிந்து பார்த்தேன். முழுக் கை தூரத்தில் நின்றிருந்தேன். எத்தனை கவியரங்கங்கள்! கிட்டே போனால் ஸ்பீக்கர் கீ என்று ஊளையிடும், மைக்செட்காரர் மேடையோரத்திலிருந்து முறைப்பார். அந்தப் பயம் காலிலேயே தங்கிவிட்டது. இங்கே ஊளையிட ஸ்பீக்கரே இல்லை, காதில் ஹெட்போன் மட்டும்.

"தெரிஞ்சுதான் சும்மா இருந்தியாடா?"

"என் வாயிலதான் கேசரி கீதே மாமே."

ஒரு முஷ்டி தூரத்துக்கு நெருங்கினேன். 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதாமலிருக்க முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன். எதிரொலி அடங்க, பீரோவைத் திறந்து புடவைகளை முதுகுக்குப் பின்னால் விரித்தேன். மின்விசிறியை அணைத்தேன். குமிழ் இன்னும் இறங்கியது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி உறுமிக் கடக்கும்வரை மூவரும் மூச்சுப் பிடித்து நின்றோம். பிறகு அமைதி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல. அதற்குள் என் குரல் விழுந்தது. சொல்லுக்கு முன் நாக்கு ஈரமாவதுகூடக் கேட்டது. கடைசிக் கவிதையில் நண்பன் கரண்டியைத் தட்டில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தான்.

அனுப்பினேன். காப்பி ஆறுவதற்குள் பதில் வந்தது: "இதான் சார். அறிவிப்பாளருக்கு லீவு குடுத்துட்டேன்."

நண்பன் பூஸ்டரைக் கழற்றிப் பாக்கெட்டில் போடப் போனான். மனைவி வாசலை மறித்து, என்றைக்கும் இல்லாத பாசத்தோடு சொன்னாள்: "அது இங்கயே இருக்கட்டும்ணா. இவருக்கு அடிக்கடி வேணும். அவசரமா திருப்பித் தரணும்னு இல்லையே?"

அவன் குழாயை அவள் கையிலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

"நீயே வெச்சிக்கோ தங்கச்சி. என்னாண்ட இத்த வுடப் பெருசு ஒண்ணு கீது."