முதுகுப் பக்கத்துப் பொத்தான்கள்

சிராங்கூன் சாலைப் பக்கம் பெண்களுக்கென்று இருந்த தையல் பள்ளியில் நான் படித்தேன். பாடமெல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்த படப் புத்தகத்தைப் பார்த்துத்தான். அதைப் பார்க்கப் பார்க்க, எங்கள் வீட்டுப் பெண்கள் முன்னால் முடிச்சுப் போடும் ரவிக்கை எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆண்டு இறுதிப் போட்டிக்கு அக்காவின் அளவில் பட்டுச் சட்டை தைத்தேன். உயர்ந்த கழுத்து, முதுகில் பன்னிரண்டு பொத்தான்கள். அதை உடுத்திக்கொண்டு அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். பரிசு எனக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

பரிசு கொடுக்கும் துரைசானி வருவதற்குள் குழந்தை பசியில் வீறிட்டது. பால் கொடுக்க முதுகுப் பொத்தான்களை அவிழ்த்தால், அத்தனை பேர் நடுவில் சட்டையையே கழற்ற வேண்டியிருக்கும். பால் கசிந்து பட்டு நனைந்தது.

"முன்னால வெட்டி விடட்டுமாக்கா?" என்றேன்.

"வேணாம்டி. துரைசானி பாத்துட்டுப் போகட்டும். எத்தனை நாளாத் தச்ச" என்று குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் அளவை எத்தனையோ முறை எடுத்திருந்தேன். அவள் பால் கொடுப்பவள் என்பது ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை.

மேசையிலிருந்த கத்தரியை எடுத்தேன். அவளைச் சுவரோரமாகத் திருப்பி நிறுத்தி, சட்டையின் முன்பக்கத்தைக் கழுத்திலிருந்து கீழே வரை வெட்டினேன். குழந்தை அடங்கியது.

பரிசு வேறொருத்திக்குப் போனது. வீட்டுக்கு வந்து, வெட்டிய இடத்தில் முடிந்துகொள்ள இரண்டு நாடா வைத்துத் தைத்தேன். பிறகு எத்தனையோ பேருக்குத் துணி வெட்டியிருக்கிறேன். புத்தகத்தைப் பார்க்காமல் நான் வெட்டிய முதல் வெட்டு, கோணலாகப் போன அந்த ஒன்றுதான்.