ஏழாம் நூற்றாண்டில் எனக்கு என்ன வேலை

ரோமப் பேரரசு சரிந்த பிறகு வந்த முதல் சில நூற்றாண்டுகளைப் பற்றி மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். இந்தத் தொழிலில் செத்தவர்களால் தொல்லை இல்லை; லத்தீன் தெரிந்தால் யாரோடும் கதைப்பார்கள். வேலை செய்கிற இடத்திலேயே விருந்தாளி மாதிரி நிற்கிறவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

முதல் வகுப்பு

மேசையில் பையை வைத்துவிட்டு மாணவர்களைப் பார்த்து நின்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, நான் தடுமாறுகிறேன் என்று நினைத்து எழுந்து வந்து, எனக்கு விளங்கவேண்டுமென்று நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் ஒன்று சொன்னாள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைப் பார்த்தேன். என் பெயர்தான் ஒட்டியிருந்தது. போய்ப் பார்த்தேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "தெற்காசிய சமயங்கள் வகுப்பு இரண்டாம் மாடியில், மடாம்."

லாசாலில் ஒரு பிறந்தநாள்

மொன்றியலின் லாசால் பகுதியில் இருக்கிற அண்ணையின் மகளுக்குப் பிறந்தநாள். வந்திருந்த ஒருவர் நான் என்ன படிப்பிக்கிறேன் என்று கேட்டார். "பொதுவா வரலாறுதான்" என்றேன். ஒரு குழந்தையின் கல்லறையில் தகப்பன் வெட்டுவித்த நான்கு வரி லத்தீனை வாசித்து அழுதுதான் இந்தத் துறைக்கு வந்தேன். அதை அங்கே சொல்ல வெட்கமாக இருந்தது. அண்ணை கேக் வெட்டிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எங்கட கதையை எழுத ஆளில்லாமல் கிடக்கு, இவ வெள்ளைக்காரன்ர சவக்காலையைக் கிண்டுறா."

தேர்வுக் குழு

மிர்லாண்ட் என் மாணவி. பெற்றோர் ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள்; ஒரு காலத்தில் அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பர்களின் வழிவந்தவர்கள். ஏழாம் நூற்றாண்டுச் சட்டங்களில் அடிமைகளைப் பற்றி அவள் எழுதியதைவிட நல்ல கட்டுரையை எந்த மாணவரிடமிருந்தும் நான் வாசித்ததில்லை. முனைவர் பட்டத்துக்கு இருந்தது ஒரே இடம். குழுவில் நாங்கள் நான்கு பேர்.

"இந்தப் பொருளில் இவருக்குச் சொந்த உணர்ச்சி கலந்துவிடாதா?" என்று தலைவர் கேட்டார். போட்டியில் இருந்த மற்றவர் பிரான்சின் நோர்மண்டியில் தன் மூதாதையர் ஊரில் இருந்த மடாலயத்தைப் பற்றி எழுதவிருந்தார். அவரைப் பற்றி அந்தக் கேள்வி வரவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அடுத்த மாதம் என் நிரந்தர நியமனம் அதே தலைவரின் மேசைக்குப் போகவிருந்தது. தண்ணீர் குடித்தேன். நோர்மண்டிக்காரருக்குக் கை உயர்த்தச் சொன்னபோது உயர்த்தினேன்.

வெளியே வரும்போது தலைவர் அன்பாகச் சொன்னார்: "நீங்கள் குழுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று, இனி யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது."

புவாண்ட்-கிளேர்

நியமனம் கிடைத்தது. அடுத்த வருடம் மொன்றியலின் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியில் மிர்லாண்டைக் கண்டேன். பக்கத்துக் களஞ்சியம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறாளாம். எனக்குக் கோப்பி வாங்கித் தந்தாள். அதைக் குடிக்க முடியாமல், குழுவில் நடந்ததைச் சொன்னேன். கை உயர்த்தியதையும் சொன்னேன். வேறு பல்கலைக்கழகங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன்.

கடிதம் வேண்டாம், சட்டம் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழும்பிக் கோட்டை மாட்டிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "உங்கள் பெயரைக் குழுவில் பார்த்ததால்தான் நான் விண்ணப்பித்தேன்."

அந்த நூற்றாண்டுகளை யாராவது 'இருண்ட காலம்' என்றால் உடனே திருத்திவிடுவேன். மற்றபடி கூட்டங்களில் அமைதியானவள் என்று எனக்கு நல்ல பெயர்.