ஓடு போட எடுத்த சீட்டு

அத்தானுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டவுன் டாக்டர் சொன்னபோது, நான் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்போடு ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். லாரியில் கிளீனர், பம்பாயில் ஓட்டல் வேலை என்று எங்கும் கால் தரிக்காமல் திரிந்தேன். முத்தையாபுரத்தில் அக்காவின் ஓலை வீட்டில் மட்டும் எப்போது வந்தாலும் சோறு உண்டு. அந்தத் தடவை வந்தபோது அத்தான் சுவரோரம் சுருண்டு கிடந்தார். உப்பு மூட்டை தூக்குகிறவர். குடித்த கஞ்சி வயிற்றில் தங்காமல் வாந்தியாக வந்துகொண்டிருந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அதுவரை தாங்க மாட்டார் என்பது பார்த்தாலே தெரிந்தது. தனி டாக்டர் அறுநூறு ரூபாய் கேட்டார். அக்காவின் கம்மல் ஏற்கெனவே ஊசிக்கும் டானிக்குக்கும் போயிருந்தது. கையில் மிச்சம் இருந்தது பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கட்டிவந்த ஆயிரம் ரூபாய்ச் சீட்டுதான்.

ஏலச்சீட்டு என்றால் தெரியும். யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்குப் பணம். தள்ளின தொகையை மற்ற எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆனால் அண்ணாச்சியின் சீட்டில் ஒரு மரியாதை இருந்தது. கல்யாணம், நோய்நொடி என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர் ஐம்பது ரூபாய் தள்ளுபடியோடு எடுத்துக்கொண்டு போகலாம்.

அக்காவும் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. சீட்டு எடுத்தால் ஜாமீன் கையெழுத்து வேண்டும். உப்பளத்தில் அத்தானை வேலைக்கு வைத்திருந்த கங்காணி ஒருவர்தான் எங்களுக்குக் கையெழுத்துப் போடக் கூடியவர். மூட்டை தூக்குகிறவன் வயிற்றைக் கிழிக்கப் போகிறான் என்று தெரிந்தால், மீதித் தவணையை யார் கட்டுவார் என்று அவர் யோசிப்பார். அதனால் அவரிடம், சூட்டினால் வந்த வயிற்றுவலி, பத்து நாளில் வேலைக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தாள். பணம் எதற்கு என்றதற்கு, கூரையைப் பிரித்து ஓடு போட என்றாள். கடையிலும் அதையே சொல்லிவைத்தாள். கங்காணி அதை நம்பி ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏலத்துக்கு என்னைத்தான் அனுப்பினாள். எவ்வளவு தள்ளினாலும் அறுநூறு மிஞ்ச வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு. கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி ஆரம்பிக்கும்போதே, இந்த மாதம் ஹார்பரில் மூட்டை தூக்கும் பெரியவருக்கு என்று சொல்லிவிட்டார். பெரியவரின் மனைவிக்கு நிற்காத உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம். எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியவர் ஐம்பது என்றார்.

நான் நூறு என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விறகுக்கடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பம்பாய்க்காரருக்கு ஓலை வீட்டுல ஒறக்கம் வரலியாம்வே" என்றார். பெரியவர் நூற்றைம்பது என்றார். நான் இருநூறு. அண்ணாச்சி என்னைப் பார்த்து, வீடு என்ன இடிந்தா விழுகிறது, ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா என்று தன்மையாகத்தான் கேட்டார். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். கங்காணியின் மைத்துனன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு முந்நூறு என்றேன், நான் கேட்டதற்கு மேலே நானே.

"ஏலே, பெரியவரு பேசட்டும்லே" என்று யாரோ என்னை அதட்டினார்கள்.

பெரியவர் முந்நூற்றைம்பது வரைக்கும் வந்தார். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அடுத்தது நானூறு. அதோடு என் கை முடிந்தது. அதற்கு மேல் அவர் ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வர வேண்டியதுதான். நானூறு என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எடுத்துக்கோ. நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த மாதம் எல்லாருக்கும் தவணையில் இருபது ரூபாய் குறைந்தது.

புதன்கிழமை ஆபரேஷன். டாக்டர் சீக்கிரமே வெளியே வந்தார். திறந்து பார்த்ததில் எல்லா இடமும் பரவியிருந்தது, ஒன்றையும் தொடாமல் தைத்துவிட்டோம் என்றார். அக்கா, அப்படியென்றால் எப்போது சாப்பிடலாம் என்று கேட்டாள். அவர் நர்ஸைக் கூப்பிட்டார்.

மறுநாள் பெரியவர் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளிப்போடலாமா, அதுவரை உதிரம் நிற்க மாத்திரை உண்டா என்று கேட்க வந்திருக்கிறார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"ஏலே, ஓடு இங்கனயா விக்குதாவ?"

அறைக் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்கில் குழாயோடு கிடந்த அத்தானை வெகுநேரம் பார்த்தார். எச்சில் சட்டியைக் கழுவிக்கொண்டு அக்கா வந்தாள்.

"ஏளா, இதச் சொல்லியிருந்தா நான் வாயத் தெறந்திருப்பனா?"

"சொல்லியிருந்தா கங்காணி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரு" என்றாள் அக்கா.

"அதுவும் சரிதாம்" என்றார். பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். கங்காணியிடமோ கடையிலோ அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அத்தானிடம், கட்டியை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னோம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு சாயங்காலம் ஏலத்தில் யார் போட்டி போட்டார்கள் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். ஒருவரும் போடவில்லை, ஐம்பதுக்கே விட்டுக்கொடுத்தார்கள் என்றேன். அவர் முகத்தில் நான் அந்த வருஷம் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அத்தனை பேருக்கும் வீட்டில் ஒரு காப்பியாவது கொடுக்க வேண்டும் என்றார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் தவணை கட்டப் போனேன். உட்கார இடம் தேடியபோது பெரியவர் சாக்கில் கொஞ்சம் நகர்ந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கஞ்சி எறங்குதா?" என்று கேட்டார்.

ரெண்டு ஸ்பூன் இறங்குகிறது என்றேன். அண்ணாச்சி, யாராவது கேட்கிறீர்களா என்றார். பெரியவர் ஐம்பது என்றார். வேறு குரல் வரவில்லை. அவர் மனைவி அந்த மாதத்தைத் தாண்டிவிட்டாள், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய். ஆபரேஷனுக்குப் பிறகு அவளைச் சந்தையில் பார்த்திருக்கிறேன்.

அத்தான் ஐப்பசி மழையில் போனார். சீட்டு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் தவணை கட்ட வேண்டியிருந்தது. கருமாதி முடிந்த மறுநாள் காலையில் நான் கங்காணியிடம் போய் நின்றேன். அவர் என் தோளையும் கையையும் பார்த்துவிட்டு, உப்பு மூட்டை ஏற்ற லாரி நிற்கும் இடத்தைக் காட்டினார்.