அவசரம் லேது

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புத்தகத்தின் பெயர் தெரியாது. பச்சை அட்டை என்பார்கள். குண்டு புக்கு என்பார்கள். போன தடவை இந்தப் பக்கம் இருந்ததே, அது என்பார்கள். கல்யாணமாகி வந்த பெண் "எங்க மாமியாருக்குச் சாமி புக்கு ஒண்ணு குடுங்க" என்பாள். எந்தச் சாமி என்று கேட்டால், "எதுவா இருந்தாலும் சரி, எழுத்து பெருசா இருக்கணும்" என்பாள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையில் நான் சேர்ந்தபோது புத்தகங்களைப் பதிப்பகம் வாரியாக அடுக்கியிருந்தார்கள். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் உள்ளே வந்து நான் பார்க்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

"இருவது வருசமா இப்பிடித்தாம்மா இருக்குது. எது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பாய் பண்றது? வாங்க வர்றவங்களுக்கு இல்ல தெரியணும்?"

வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் கூட ஆகவில்லை. அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் அந்தச் சமயத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதெல்லாம் எனக்கு விட்டுப்போயிருந்தது. வேலையை விட்டுப் போ என்றாலும் சரி என்று போயிருப்பேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, மாத்து" என்றார்.

அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் என் கணவர் இறந்துபோயிருந்தார்.

அதையும் சொல்லிவிடுகிறேன். உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போனார். ஏழரை மணி இருக்கும், கூட வேலை செய்கிறவர் எனக்குப் போன் செய்தார். "பஸ்லயே லேசா மயக்கம் போட்டுட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு வந்திருக்கறோம். அவசரம் ஒண்ணுமில்ல, மெதுவா வாங்க."

நான் மெதுவாகத்தான் போனேன். வெறும் வயிற்றோடு கிளம்பியவராயிற்றே என்று ரவைக் கஞ்சி காய்ச்சினேன். கட்டி தட்டிவிட்டது, வடிகட்டிப் பிளாஸ்கில் ஊற்றினேன். தலை வாரிப் பின்னிக்கொண்டேன். தெருமுனையில் ஆட்டோ நின்றது. அவசரமில்லை என்றுதானே சொன்னார்கள் என்று டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து போனேன். போன் செய்தவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த பிளாஸ்கைப் பார்த்தார். அவர் எனக்குப் போன் செய்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. பதறிக்கொண்டு வந்து நான் எங்காவது விழுந்து வைக்கக் கூடாதே என்று அப்படிச் சொன்னாராம். நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார். யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு நாலு பேர் எனக்கு விளக்கினார்கள்.

நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதுபடவே நடந்தது. பேசட்டும். துக்கம் உள்ளே இருந்தால்தானே காட்டுவதற்கு? பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி, அப்படித்தான் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். வீட்டில் சும்மா இருந்தால் ஆட்கள் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள் என்றுதான் வேலைக்கே போனேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் மூன்று வருஷம் இருந்தவள். அங்கே சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். தேடுகிறவன் கை முதலில் எங்கே போகிறதோ, அங்கே பொருள் இருக்க வேண்டும். கடையிலும் அதையே செய்தேன். வருகிறவர்கள் என்ன வார்த்தை சொல்லிக் கேட்கிறார்களோ அதை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஒரு மாதம் எழுதினபின் அந்த வார்த்தைகளையே எழுதி ரேக்குகளில் ஒட்டினேன். "கம்பெனி இன்டர்வியூ." "போலீஸ் பரீட்சை." "சாமி, பெரிய எழுத்து." "கன்னடம் பேச." கன்னடம் பேசச் சொல்லித்தரும் புத்தகங்களை வாசலை ஒட்டி வைத்தேன். பெங்களூர் பஸ் பிடிக்கப் போகிறவர்களுக்கு நின்று தேட நேரம் இருக்காது.

அட்டைகளை நாலு மொழியில் எழுதலாம் என்று பாய் சொன்னார். எனக்குத் தமிழும் இங்கிலீஷும்தான் எழுத வரும். மற்ற இரண்டையும் யாராவது எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல் வரைந்தேன். கன்னட ரேக்கில் தெலுங்கு அட்டையை ஒட்டி, அது இருபது நாள் அப்படியே இருந்தது. ஒரு கன்னட வாத்தியார் பார்த்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார். "இந்த ஊரு மாதிரியே இருக்குதும்மா உங்க ரேக்கு, விடுங்க" என்றார். பாயும் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து நானும் சிரித்தேன்.

சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் வயசானவர் ஒருவர் வந்தார். பாகலூர் ரோட்டுப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், வீட்டில் தெலுங்கு. விரலெல்லாம் முள் கீறிய தழும்பு. "அ ஆ புக்கு இருக்குதாம்மா? படம் போட்டது" என்றார்.

"பேரப் பிள்ளைக்குங்களா?"

"லேதம்மா. என் வீட்டம்மாவுக்கு. பக்கவாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு. புத்தி நல்லா இருக்குது, வார்த்தை வர்றதில்ல. கேட்டது குடுக்கலைன்னா கோபத்துல தட்டைத் தூக்கி வீசறா. என்னா கேக்கறான்னே எனக்குத் தெரியல."

குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். மறுவாரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் கொடுத்த புத்தகத்தைத் தன் இடது கையால் எடுத்து, திறந்து, என் முன்னால் நீட்டினார். ஒட்டகச்சிவிங்கி. அடுத்த பக்கம் வரிக்குதிரை. அதற்கடுத்து கப்பல். என்னை ஒரு பார்வை பார்த்தார். உனக்கு அறிவிருக்கிறதா என்று இதைவிடத் தெளிவாக வாயால் கூடக் கேட்க முடியாது.

நியாயம்தான். ஓசூரில் ஒரு மனுஷி ஒட்டகச்சிவிங்கியைக் காட்டி என்ன கேட்பாள்?

கடையிலிருந்த படப் புத்தகம் அத்தனையையும் இறக்கினேன். முதுகு தெரிய அடுக்கினால் அவருக்கு உதவாது என்று ஒரு மேசையில் பக்கங்களைத் திறந்து, படம் மேலே தெரியும்படி பரப்பினேன். பழங்கள், வண்டிகள், பறவைகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். மலிவான புத்தகம் ஒன்று, அட்டை கூடச் சரியாக ஒட்டாதது, அதில் வீட்டுச் சாமான்கள் இருந்தன. தட்டு, டம்ளர், கட்டில், மின்விசிறி, போர்வை. அந்தம்மா டம்ளர் மேல் விரலை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, மறுபடியும் டம்ளரைத் தட்டிக் காட்டித் தன் புருஷனைப் பார்த்தார். இதைத்தானேய்யா நான் இத்தனை நாளாகக் கேட்டேன் என்பது மாதிரி. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த மேசையை நான் எடுக்கவில்லை. வீடு, சாப்பாடு, உடம்பு என்று பிரித்து, படம் மேலே இருக்கும்படியே வைத்தேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் அதில் பார்த்துத்தான் வெண்டைக்காய்க்கும் வலிக்கும் தமிழ் கற்றுக்கொண்டார்கள். பாய்க்கு ஒரே சந்தோஷம். நன்றாகத்தான் இருந்தது, எனக்கும் தெரிந்தது. தெரிந்ததே தவிர எனக்குள் ஒன்றும் ஆகவில்லை.

ரோஜாத் தோட்டத்துப் பூக்காரர் இன்னொரு முறை வந்தார். எங்கே வலிக்கிறது என்று அந்தம்மாவுக்குச் சொல்ல முடியவில்லையாம். உடம்பு பெரியதாக, நெஞ்சு, முதுகு, வயிறு என்று தனித்தனிப் பக்கமாகப் போட்ட புத்தகம் வேண்டும் என்றார். எங்களிடம் இல்லை. சென்னையில் சொல்லி வரவழைக்க மூன்று வாரம் ஆயிற்று. வந்த அன்றே அவருக்குப் போன் செய்தேன்.

"நீங்க கேட்ட புக்கு வந்திருச்சுங்க."

"அவசரம் லேதம்மா" என்றார்.

எனக்கு வந்த தெலுங்கு கொஞ்சம்தான். லேது என்றால் இல்லை, அது தெரியும். அவசரம் நம் வார்த்தைதானே, அதற்கு யாரைக் கேட்க வேண்டும்? "சரிங்க. மெதுவா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "எடுத்து வைத்தது" என்று சீட்டு ஒட்டினேன். ஒன்றரை மாதம் அது அங்கேயே இருந்தது. ஒரு நர்ஸ் கேட்டார், இல்லை என்றேன். காது கேளாத குழந்தையின் அம்மா கேட்டார், அவருக்கும் இல்லை என்றேன். பாய் முணுமுணுத்தார். "ஒருத்தருக்குன்னு பூட்டி வெச்சா அதுக்குக் கடை எதுக்கும்மா?"

"வருவாங்க பாய். அவசரமில்லன்னாங்க, வேணாம்னு சொல்லலியே" என்றேன். அந்தம்மாவுக்கு வலி வந்தால் எங்கே என்று காட்டுவதற்கு அந்தப் புத்தகம் இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டும். அந்த ஒன்றில் மட்டும் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவர் வந்தார். தனியாகத்தான் வந்தார். நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, "இந்தாங்க, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறன். யார் கேட்டும் குடுக்கல" என்று நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நான்தான் அவசரம் லேதுன்னு சொன்னேனேம்மா."

"ஆமாங்க. அவசரமில்லன்னீங்க. அதான் பத்திரமா வெச்சிருந்தன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லப் புரிந்தது அவருக்கு. "தமிழ்ல அப்பிடி வருது இல்ல? தெலுங்குல அவசரம்னா தேவைம்மா. தேவை லேதுன்னு சொன்னேன். நீ போன் பண்ணதுக்கு மூணு நாள் முன்னால அவ போயிட்டா."

நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மற்றவர்களுக்கு இந்த வார்த்தை தெரியாமல் போகலாம். ஆள் போன பிறகு சொல்லும் வார்த்தை அது என்று எனக்குத் தமிழிலேயே ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போதாததற்கு, மெதுவா வாங்க என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் பையிலிருந்து அந்த மலிவுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது யாருக்காச்சும் ஆவும்னு கொண்டாந்தேன்." டம்ளர் இருந்த பக்கத்தில் படம் தேய்ந்து வெளுத்திருந்தது.

அனுதாபமாக எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வேறு. "கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேம்மா. விடிகாலையில இந்தப் பக்கத்தைத் தட்டிக் காமிச்சா. குடுத்தேன்."

"குடிச்சாங்களா?"

"ரெண்டு மடக்கு குடிச்சா. அப்புறம் என் கையப் புடிச்சினே தூங்கிட்டா."

நல்லதுங்க என்று சொன்னேன். சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்று பிடித்தது. என்னவென்று தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பொறாமை. கிட்டத்தட்ட இரண்டு வருஷத்தில் எனக்கென்று வந்த முதல் உணர்ச்சி, பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு என் முன்னால் நிற்கும் ஒரு கிழவர் மேல் வந்த பொறாமை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் போகவில்லை. கையில் இருந்த புத்தகம் நனைவதைப் பார்த்துத்தான் நான் அழுகிறேன் என்று தெரிந்தது. பாய் எழுந்து வந்தார், பூக்காரர் என்னை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அன்றைக்கு நான் கொண்டுபோன கஞ்சியில் ஒரு மடக்கு என் கணவர் குடித்திருந்தால் போதும் எனக்கு.