கிழங்கான் வாங்கிய வீடு

பிள்ளைகளா, கால்வாய்க் கரைப் பக்கம் மீன் கொண்டுபோவதை நான் நிறுத்தியதில் உங்கள் இருவருக்கும் சந்தோஷம். சறுக்கி விழுந்து காலில் கட்டோடு வந்ததிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நிறுத்தியும் அப்பா ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறார் என்று நீங்கள் சமையலறையில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. வாடிக்கையாக இருந்த ஒரு வீடு விட்டுப்போனதுதான் காரணம். நேரில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மகளே, நீ வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்த்த நாட்களில், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கஸ்டமர், கஸ்டமர் என்று பேசிக்கொண்டே இருப்பாய். ஒரு நாள் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, இந்தக் கஸ்டமருக்கும் நம்ம கடற்கரைக்கு வர்ற கஸ்டம்ஸ்காரருக்கும் என்ன சொந்தம்? ஒரே குடும்பப் பேரு மாதிரி இருக்கே."

"ஆமாப்பா, மாமன் மச்சான்," என்று சிரித்தாய். அப்புறம் செல்லில் தேடிப் படித்தும் சொன்னாய்.

கஸ்டம் என்றால் பழக்கம், வழக்கம். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொல். இங்கிலீஷ்காரர் ஊரில் குடியானவர்கள் நிலத்துப் பிரபுவுக்கு வழக்கப்படி அளந்த பங்குக்கும் அதுதான் பெயர். ராஜா சரக்குக்கு வாங்கிய சுங்கத்துக்கும் அதுவேதான். அதனால் சுங்கம் வசூலித்தவரையே ஒரு காலத்தில் கஸ்டமர் என்று சொன்னார்களாம். கடைக்கு வருகிற ஆளுக்கு அந்தப் பெயர் வந்தது காசு கொடுப்பதால் அல்ல, ஒரே கடைக்குப் பழக்கமாக வருவதால். இன்றைக்கு ஒரே ஒரு தடவை வந்து போகிறவரையும் அப்படித்தான் சொல்கிறோம்.

"சமாளிக்க முடியாத ஆளைக்கூட இங்கிலீஷ்ல கஸ்டமர்னு சொல்லுவாங்கப்பா. உங்களை மாதிரி," என்றாய்.

எனக்கு அது பிடித்திருந்தது. நாங்களும் வாடிக்கை என்றுதானே சொல்கிறோம், அதற்கும் வழக்கம் என்றுதானே பொருள். கடல் தாண்டி இருப்பவர்களும் அதிராம்பட்டினத்து மீன்காரனும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வாடிக்கைக்கு ஒரு முறை இருக்கிறது. விடியலில் ஏலத்தில் மீன் எடுத்ததும், வாடிக்கை வீடுகளுக்கு உரியதைத் தனியாகப் பிரித்து ஐஸுக்கு அடியில் வைத்துவிடுவேன். மிச்சம்தான் தெருவில் கூவி விற்பதற்கு. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா, உடம்பு சரியில்லாதவருக்கு முள் குறைந்த கிழங்கான் என்று நானே பார்த்துக் கொண்டுபோவேன். எந்த வீட்டில் புரட்டாசிக்குக் கவிச்சி ஆகாது, எந்த வீட்டில் இன்னும் கருமாதி முடியவில்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பதிலுக்கு அந்த வீடும் வேறு மீன்காரரை வாசலில் நிறுத்தாது. நான் வரத் தாமதமானாலும் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். என்ன வேண்டும் என்று நானும் கேட்பதில்லை, வேண்டாம் என்று அவர்களும் சொல்வதில்லை.

பட்டுக்கோட்டை தாண்டி, கல்லணைக் கால்வாய்க் கரையிலேயே போனால் வரும் ஊரில் அப்படி ஒரு வீடு. நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவர் தம்பி என்பார். கூலிக்கு நாற்று நட்டு, அப்புறம் சொந்தமாக வயல் வாங்கிய குடும்பம். அவர் வீட்டுக்காரருக்குக் கிழங்கான் என்றால் உயிர். மொபெட் சத்தம் கேட்டதுமே அக்கா மண்சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார். மீனைச் சட்டியில் போடும் நேரத்துக்குள் கால்வாயில் தண்ணீர் வந்ததா என்று அவர் சொல்வார், கடலில் காற்று எப்படி என்று நான் சொல்வேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் காலமானார். கருமாதி முடிந்து கவிச்சி சேரும் நாள் பார்த்து நான் போனேன். அக்கா அதே சட்டியோடு வந்தார். கிழங்கானைப் போட்டேன். வீடு நம் வாடிக்கையிலிருந்து போகவில்லை என்று மனசுக்கு நிறைவாக இருந்தது.

கொஞ்ச காலத்தில் அந்தத் தெருவில் மற்றவர்களெல்லாம் பட்டுக்கோட்டை மார்க்கெட்டிலேயே வாங்கிவர ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வீட்டுக்காக மட்டும்தான் நான் கரையேறிப் போய்க்கொண்டிருந்தேன். தனியாக இருக்கிற மனுஷி, முட்டி வலிக்காரர், நான் போகாவிட்டால் சட்டியோடு நிற்பாரே என்று. மழையில் நான் விழுந்ததும் அந்தக் கரையில்தான்.

கால் சரியாகி மறுபடி போன ஒரு நாள், எதிர்வீட்டுப் பெண் கூப்பிட்டது. அறுவடை மெஷின் ஓட்டுகிறவரின் மனைவி.

"அண்ணே, கிழங்கான் தின்னு தின்னு எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சலிச்சுப்போச்சு. அக்காவுக்கு ஒரு நாளைக்கு நண்டு கொண்டாந்து குடுங்களேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா வாங்கிய மீனெல்லாம் எதிர்வீட்டுக்குத்தான் போயிருக்கிறது என்று விளங்கியதும் அக்காவைப் பார்த்தேன். சட்டி அவர் கையில் இருந்தது.

"அது வாய் ஒரு நாளும் நிக்காது," என்றார்.

"நீங்க சாப்பிடுறது இல்லியாக்கா?"

"அவரு போனதுலேருந்து எறங்கல தம்பி. அவருக்காகத்தானே ஆக்குனேன். எனக்கு ஒரு ரசம் போதும்."

"அப்புறம் ஏங்க்கா வாங்குனீங்க?"

"இவ்வளவு தூரம் வர்றீங்க. தெருவுல வேற யாரும் வாங்குறதில்ல. நானும் வேணாம்னுட்டா, பெட்டிய அப்படியே திருப்பிக்கிட்டா போவீங்க?"

"மத்த மீனெல்லாம் பட்டுக்கோட்டையிலயே தீந்துடுதுக்கா. இங்க வர்றதே உங்களுக்காகத்தான்."

அவர் என் காலைப் பார்த்தார்.

"விழுந்தது?"

"இங்க வர்றப்பதான்."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவும் சிரித்தார். "நல்லா இருக்கு போங்க. நாம ரெண்டு பேரும் சேந்து அவ பிள்ளைங்களுக்குச் செல்லம் குடுத்துருக்கோம்." அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே வராதீங்க தம்பி. சேத்துல விழுந்து எந்திரிச்சு வர வேணாம்," என்றார்.

"சரிங்க்கா," என்றேன்.

இரண்டு பேருக்கும் பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. ஆனால் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லியிருக்க வேண்டாம். உள்ளே வாங்க, ஒரு டீ குடிங்க என்று அவர் சொல்லியிருக்கலாம், நானாவது கேட்டிருக்கலாம். அதெல்லாம் எங்கள் வழக்கத்தில் இருந்ததில்லை.

அப்புறம் பட்டுக்கோட்டையில் விற்று முடித்ததும் வண்டி தானாகக் கால்வாய்ப் பக்கம் திரும்பப் பார்க்கும். போய் என்ன செய்வது? மீன் இருந்தபோது அந்த வாசலில் நிற்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. வெறுங்கையோடு போய் நின்றால், என்ன விஷயம் என்று தெரு கேட்கும். தனியாக இருக்கிற மனுஷியை அந்தக் கேள்விக்கு ஆளாக்கலாமா? இப்படியே தள்ளிப் போட்டேன். போன மாதம் மனசு கேட்காமல், கொஞ்சம் கிழங்கானை ஐஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனேன். அக்கா சாப்பிட மாட்டார் என்று தெரிந்தேதான். வேறு எதைக் கொண்டுபோவது என்று தோன்றவில்லை.

வீடு பூட்டியிருந்தது.

"அக்காவ மவ வந்து திருச்சிக்கு அழைச்சுக்கிட்டுப் போயிட்டா," என்றது எதிர்வீட்டுப் பெண். "வீட்டை வாடகைக்கு விடப் போறாங்களாம். போறப்ப உங்களைத்தான் கேட்டாங்க. மீன்காரத் தம்பி நம்பரு இருக்கா, பேராவது தெரியுமான்னு. என்கிட்ட எது இருக்கு?"

அக்காவின் பேர் எனக்கும் தெரியாது. அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அக்கா நம்பரையும் என் செல்லில் போட்டுக் கொடுத்தது. மீனை எடுத்து நீட்டினேன்.

"திரும்பவும் கிழங்கானா?" என்று அலுத்துக்கொண்டே உள்ளே எடுத்துப் போனது.

நம்பர் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை. செல்லை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். என் குரலைக் கேட்டதும் அக்கா, "இன்னைக்கு என்ன மீன் தம்பி?" என்று கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வேன்? மகளே, முகம் தெரியாத கஸ்டமரோடு நாள் முழுக்கப் பேசுகிறவள் நீ. விற்பதற்கு ஒன்றும் இல்லாதபோது பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று, ஞாயிற்றுக்கிழமை நீ சும்மா இருக்கும்போது அப்பாவுக்குச் சொல்லிக் கொடு.