நெல்லிவாசலிலிருந்து வாணியம்பாடிக்கு, ஒரு பழைய லேப்டாப்புக்காக

சனிக்கிழமை, காலை 5.40. நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊரிலிருந்து ஜீப் நிற்கும் திருப்பத்துக்கு மூன்று கிலோமீட்டர். நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது கோவிந்தண்ணன் ஜீப்பில் பதினோரு பேர் ஏறியிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் வராமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார்.

"வாம்மா மகராசி, உனக்காகத்தான் அரை மணி நேரமா நிக்கிறேன். இவ்ளோ காலைல இன்னா?"

"லேப்டாப் வாங்கப் போறேன்ணா."

"லேப்டாப்பா! நம்ம ஊர்ல டிவியே வாரத்துல மூணு நாளு தூங்குது. அது வந்து இன்னா பண்ணப் போவுது?"

ஜீப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அஞ்சல்வழியில் எம்.ஏ. படிக்கிறேன். எங்கள் மலையில் விதைக்கும் சாமை, கேழ்வரகு, கொள்ளு பற்றி ஆய்வேடு. எட்டு மாதம் வீடு வீடாகக் கேட்டு இரண்டு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். திருப்பத்தூரில் உள்ள படிப்பு மையத்தில் கையெழுத்துப் பிரதி வாங்க மாட்டார்களாம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போயிற்று. போன மாதம் ஒரு தட்டச்சு நிலையத்தில் பக்கம் முப்பது ரூபாய் என்று பத்துப் பக்கம் கொடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய சாமை எல்லாம் சாமியாகி வந்தது. சாமி விதைப்பு, சாமி அறுவடை. கேட்டால், "அட்ஜஸ் பண்ணிக்கம்மா" என்றார். எட்டு மாத உழைப்பை எப்படி அட்ஜஸ் பண்ணிக்கொள்வது? என் எழுத்தை நானே அடிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எனக்கு வேண்டியது எழுத ஒரு இயந்திரம், அவ்வளவுதான். படம் பார்க்க வேண்டாம், விளையாட வேண்டாம். யூடியூபில் 'குறைந்த விலை லேப்டாப்' என்று தேடினால் ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, "வெறும் முப்பத்தைந்தாயிரம்தான் மக்களே" என்கிறான். வெறும்! என்னிடம் இருந்தது எட்டாயிரத்து ஐநூறு. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பணமும் புளி உலுக்கிய கூலியும்.

காலை 9.10, திருப்பத்தூர். புதூர்நாடு வரை ஜீப்புக்கு ஐம்பது ரூபாய். அங்கிருந்து பஸ்ஸில் முப்பதுக்கும் மேல் கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு வாந்திக்கவர் கை மாறியது. பஸ் நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடை ஒன்றில் நுழைந்தேன். டை கட்டிய விற்பனையாளர் முதலில் காட்டியதே நாற்பத்தெட்டாயிரம்.

"சார், நோட்ஸ் எடுக்கணும், டைப் அடிக்கணும். அதுக்கு மட்டும் போதும்."

"அதுக்குப் போனே போதுமேம்மா. எந்த ஊரு?"

சொன்னேன்.

"மலையா? அங்க சிக்னலே கிடையாதே, லேப்டாப் இன்னாத்துக்கு?"

"எழுதறதுக்கு சிக்னல் எதுக்கு சார்? உங்க ஊர்ல பேனாவுக்கும் டவர் வேணுமா?"

பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் களுக்கென்று சிரித்தார். விற்பனையாளர் முகம் சுருங்கியது. "செகண்ட் ஹேண்ட்னா வாணியம்பாடில பாருங்க" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். போ என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

காலை 11.30, வாணியம்பாடி. இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகப் பத்து நிமிட நடை. பழைய லேப்டாப்புகளைச் செங்கல் போல அடுக்கி வைத்த ஒரு சின்னக் கடை. உள்ளே முப்பது வயதிருக்கும் கடைக்காரர், காதில் ஹெட்செட். இங்கே யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அதிலேயே பாதி மயங்கிவிட்டேன்.

ஏழாயிரத்து ஐநூறு சொன்னார். கறுப்பு நிறம், கனம், மூடியில் ஒரு கீறல். பத்து வருடப் பழசு. மேசைமேல் ஒரு பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது. சார்ஜரை எடுத்து நானே செருகினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் காற்று சற்றுப் பலமாக அடித்தாலே கம்பிமேல் கிளை விழும். சரிசெய்ய ஆள் வர நாலு நாள் ஆகும். அதனால் கீழே இறங்கிய எங்கள் ஆட்கள் எங்கே பிளக்கைக் கண்டாலும் கை தானாகப் போகும். பல் டாக்டர் அறையானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி, உட்காருவதற்கு முன் போனைச் செருகிவிடுவோம். செருகியதைப் பிடுங்க மனசே வராது. கிளம்பும்போது ஒரு சதவீதமாவது கூட ஏறட்டுமே என்று நிற்போம்.

அப்படிச் செருகிவிட்டு ஒரு மணி நேரம் சோதித்தேன். எழுத்துப் பொத்தான்கள் எல்லாவற்றையும் தட்டினேன். தமிழில் 'சாமை' என்று அடித்தேன், சாமை என்றே வந்தது. மூலையில் பேட்டரிப் படத்துக்குமேல் மின்னல் குறி தெரிந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று மகிழ்ந்தேன். ஆறாயிரத்து எண்ணூறுக்குப் பேசி முடித்தேன். கடைக்காரர் பையும் கொடுத்தார்.

மதியம் 1.20. திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னல் சீட். வீடு போகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று மடியில் வைத்துத் திறந்தேன். இருட்டு. பொத்தானை அழுத்தினேன், மறுபடியும் அழுத்தினேன். பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, ஆஃப் ஆயிடுச்சா?"

"ஆன் ஆகவே இல்லக்கா."

திருப்பத்தூர் பஸ் நிலையத்து டீக்கடையில் கெஞ்சி ஒரு பிளக் வாங்கினேன். செருகினால் ஜோராக வந்தது. பிடுங்கினேன். செத்தது. செருகினேன், பிடுங்கினேன். செத்தது. அப்போதுதான் உறைத்தது. அந்த ஒரு மணி நேரமும் பிளக்கை நான் ஒரு தடவைகூடப் பிடுங்கவில்லை. கரண்ட் இல்லாத ஊர்க்காரி, பேட்டரியைத் தவிர எல்லாவற்றையும் சோதித்திருக்கிறேன்.

புதூர்நாட்டுக்குக் கடைசி பஸ் நாலரைக்கு. வாணியம்பாடி திரும்பிப் போனால் அதைப் பிடிக்க முடியாது. வாணியம்பாடி பஸ்ஸில் ஏறினேன்.

மாலை 3.30, மறுபடியும் அந்தக் கடை.

"பேட்டரி செத்ததுண்ணா. சொல்லவே இல்லியே."

"நீ கேக்கலியேம்மா. பிளக்க யாரு குத்துனது? நானா? நீதானே குத்துன!"

உண்மைதான். அதுதான் இன்னும் எரிந்தது.

"நான் கேக்கலன்னா நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"இந்த ரேட்டுக்கு இதான்மா. இங்க எல்லாம் வூட்டுல செருகியேதான் ஓட்டுறாங்க. ஒருத்தரும் வந்து கேட்டதில்ல. பேட்டரி வேணும்னா ரெண்டாயிரத்தி இருநூறு."

என்னிடம் அவ்வளவு இல்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது அந்தக் காலி பிளக் கண்ணில் பட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், லேப்டாப்பை அவர் மேசைமேல் வைத்தேன், செருகினேன், பையிலிருந்த நோட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தேன்.

"இன்னாமா பண்ற?"

"செருகியேதான் ஓட்டணும்னீங்க. எங்க வூட்டுல கரண்ட் இல்ல, இங்கதான் கீது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவேன்."

"வெள்ளியா? இன்னிக்கு சனிம்மா!"

"நாளைக்கு எத்தினி மணிக்குக் கடை தொறப்பீங்க?"

அதற்குள் தாடி வைத்த ஒரு பாய், மகளோடு உள்ளே வந்தார். கல்லூரியில் சேரும் மகளுக்கு லேப்டாப் வேண்டுமாம். நான் தலையைத் தூக்காமலே சொன்னேன், "பாய், பிளக்கப் பிடுங்கிப் பாத்து வாங்குங்க."

"ஏன் பேட்டி, இன்னா ஆச்சு?" என்னையும் மகளே என்றுதான் கூப்பிட்டார்.

சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சலோம்மா" என்று மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு பையன்களிடமும் அதையே சொன்னேன். மூன்றாவது பக்கத்தில், கொள்ளு விதைக்கும் பட்டம் வரை வந்திருந்தேன். கடைக்காரர் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்தார். அடுக்கிலிருந்து அதே மாதிரி இன்னொரு லேப்டாப்பை உருவி, அதன் பேட்டரியைக் கழற்றி என்னுடையதில் மாட்டினார்.

"எடுத்துகினு கெளம்பு தாயே."

நான் எழுந்திருக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணையாமல் எரிந்தது. கால் மணி நேரம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்று திருப்பத்தூரில் கூடப் படிக்கும் தோழி வீட்டில் தங்கினேன். ஞாயிறு காலை பஸ்ஸில் மலை ஏறி, பத்து மணிக்குப் புதூர்நாட்டில் கோவிந்தண்ணன் ஜீப்பைப் பிடித்தேன். ஊருக்குள் நுழைந்தால் கரண்ட் இல்லை. முந்தின நாள் காற்றில் கிளை விழுந்திருந்தது.

அந்தப் பேட்டரி தாங்கியது எழுபது நிமிடம். அறுபத்தோரு பக்கத்துக்கு நாளுக்கு எழுபது நிமிடம் எப்படிப் போதும்? வழி கண்டுபிடித்தவர் கோவிந்தண்ணன்தான். அவர் ஜீப் புதூர்நாட்டுக்குத் தினம் மூன்று நடை. ஒவ்வொரு நடையிலும் லேப்டாப்பை எடுத்துப் போய், அங்கே தெரிந்த கடையில் செருகி, அடுத்த நடையில் திருப்பிக் கொண்டுவந்தார். அது வரும்வரை நான் அந்தத் திருப்பத்துப் பாறையில் உட்கார்ந்து, அடுத்து அடிக்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"இந்தா, உன் கொழந்தைக்குப் பால் குடுத்து எடுத்தாந்துட்டேன்" என்று நீட்டுவார். ஜீப் மறுபடியும் சிரிக்கும். அந்த வாரம் என்னைவிட என் லேப்டாப்தான் அதிகம் பயணம் செய்தது.

வெள்ளிக்கிழமை, மாலை 3.20. படிப்பு மையம். அச்சடித்து, அட்டை போட்டு, அறுபத்தோரு பக்கம். எழுத்தர் புரட்டிப் பார்க்கவில்லை. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆய்வேட்டைத் தரையிலிருந்த அடுக்கின்மேல் வைத்துவிட்டு டீ குடிக்க எழுந்து போனார். அறையில் வேறு யாரும் இல்லை. காலி நாற்காலியைப் பார்த்து ஒரு டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்றில் என் ஆய்வேட்டின் அட்டை தூக்கித் தூக்கி விழுந்தது. பட்டப்பகலில் இரண்டு டியூப்லைட். கம்ப்யூட்டர் திரையில் சீட்டுக்கட்டு ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. அந்த அறையில் ஒரு நாள் ஓடுகிற கரண்ட் இருந்தால் எங்கள் ஊரில் இன்னும் எத்தனை பேர் எழுதுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு முடிவதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினேன். என் போனைச் செருகினேன். அவர் டீ குடித்து வரும்வரை அங்கேயே நின்றேன்.